ஆலை நின்றபின் எழுந்த ஓசை: காட்ஃபிளெஷ் இசைக்குழுவின் ‘ஸ்ட்ரீட்கிளீனர்’ (1989) – ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரைச் சேர்ந்த காட்ஃபிளெஷ் இசைக்குழு 1989 நவம்பரில் வெளியிட்ட ‘ஸ்ட்ரீட்கிளீனர்’, இண்டஸ்ட்ரியல் மெட்டல் எனப்படும் இசைவகையின் தொடக்ககாலத் தொகுப்புகளுள் முதன்மையானது. ஆலைநகரில் பிறந்த இசை ஆலையின் ஓசையை எதிரொலிக்கிறது என்பதே இத்தொகுப்புக்குப் பொதுவாகத் தரப்படும் விளக்கம். இவ்விளக்கம் காலவரிசையோடு பொருந்தவில்லை என்பதை இக்கட்டுரை சுட்டுகிறது. நகரின் பேராலைகள் பல அடங்கிய பத்தாண்டின் முடிவில் இத்தொகுப்பு வெளிவந்தது. ஒரே பாடல்கள் மனிதத் தாளத்துடனும் எந்திரத் தாளத்துடனும் பதிவான இரு வடிவங்களை ஒப்பிட்டு, எந்திரத்தின் வேகத்தை யார் தீர்மானிப்பது என்னும் உழைப்பு வரலாற்றின் பழைய வினா இத்தொகுப்பில் புதிய வடிவம் பெறுவதைக் கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: காட்ஃபிளெஷ், பர்மிங்காம், இண்டஸ்ட்ரியல் மெட்டல், தாள எந்திரம், தொழில்நீக்கம், ஒலி வரலாறு.

முன்னுரை

எழுத்தாவணங்களை முதன்மைச் சான்றுகளாகக் கொண்ட வரலாற்றியல், ஒலிப்பதிவுகளைத் துணைச் சான்றுகளாகவே நெடுங்காலம் கருதி வந்தது. இசை தன் காலத்தின் சமூக அமைப்பை முன்னுணர்த்தும் ஆற்றலுடையது என்னும் கருத்தைப் பிரெஞ்சுப் பொருளியலறிஞர் ழாக் அத்தாலி 1977இல் வெளியான தம் நூலில் முன்வைத்தார். அதன்பின் ஓசைக்கும் அதிகாரத்துக்கும் இடையிலான உறவு ஆய்வுப்பொருளாக வளர்ந்தது. எனினும், வெகுசன இசையைப் பற்றிய எழுத்துகளில் எளிய பிரதிபலிப்புப் பார்வையே இன்றும் மேலோங்கியுள்ளது. ஆலை இருந்தது, ஆகவே இசை இரைச்சலாக இருந்தது என்னும் முடிவு அப்பார்வையின் விளைவாகும்.

பர்மிங்காமின் கன உலோக இசை பற்றிய பேச்சில் இம்முடிவு ஏறக்குறைய ஒரு தொன்மக்கதையாகவே நிலைபெற்றுள்ளது. 1970இல் அது பெருமளவு பொருந்தலாம். 1989இல் பொருந்துமா என்பதே இக்கட்டுரையின் வினா.

1. ஆயிரம் தொழில்களின் நகரம்

பர்மிங்காமின் நவீன வரலாறு எந்திரத்தின் வரலாற்றோடு பிணைந்தது. மாத்யூ போல்ட்டனும் ஜேம்ஸ் வாட்டும் 1775இல் தொடங்கிய கூட்டு வணிகம் நீராவி எந்திரத்தை இங்கிருந்தே உலகுக்கு வழங்கியது. துப்பாக்கி, பொத்தான், பேனா முள், பித்தளைச் சாமான், மிதிவண்டி, மோட்டார் வண்டி எனப் பல்வேறு பொருள்கள் இங்கு உருவானதால் ‘ஆயிரம் தொழில்களின் நகரம்’ என்னும் பெயர் இந்நகருக்கு வழங்கலாயிற்று. ஹெர்பர்ட் ஆஸ்டின் 1905இல் தொடங்கிய லாங்பிரிட்ஜ் மோட்டார் தொழிற்சாலை இருபதாம் நூற்றாண்டில் இந்நகரின் அடையாளமாக விளங்கியது.

இந்த அமைப்பு 1970களில் தளர்ந்து, 1980களில் சரிந்தது. ஸ்மால் ஹீத் பகுதியில் இயங்கிய பி.எஸ்.ஏ. நிறுவனத்தின் மோட்டார் சைக்கிள் உற்பத்தி 1970களின் முற்பகுதியிலேயே முடிவுக்கு வந்தது. நகருக்கு மேற்கே, பிரையர்லி ஹில் பகுதியில் இருந்த ரவுண்ட் ஓக் எஃகு ஆலை 1982 இறுதியில் மூடப்பட்டது. அதன் அண்மையில் அடுத்த சில ஆண்டுகளிலேயே மெர்ரி ஹில் என்னும் மாபெரும் வணிக வளாகம் எழுந்தது. பிரிட்டனில் வேலையற்றோர் எண்ணிக்கை 1982 தொடக்கத்தில் 30 இலட்சத்தைத் தாண்டியது. உற்பத்தித் தொழிலையே பெரிதும் நம்பியிருந்த மேற்கு மிட்லண்ட்ஸ் வட்டாரம் இந்தச் சரிவின் கடுமையை நேரடியாக அனுபவித்தது.

இந்த அனுபவத்தை இந்நகரின் இசை பல வகைகளில் ஏற்றது. ரெகே இசை பாடிய யூ.பி.40 குழு, வேலையற்றோர் உதவித்தொகைக்கான அரசுப் படிவத்தின் எண்ணையே தன் பெயராகச் சூடிக்கொண்டது. 1980இல் வெளியான அக்குழுவின் முதல் தொகுப்பின் உறையும் அப்படிவத்தின் தோற்றத்திலேயே வடிவமைக்கப்பட்டது. வேலையின்மையை வெளிப்படையாகப் பெயரிட்டுச் சொன்ன இசை அது. ‘ஸ்ட்ரீட்கிளீனர்’ தொகுப்போ ஆலையையும் வேலையின்மையையும் பெயரிட்டுப் பேசுவதில்லை. சில சொற்களே கொண்ட அதன் பாடல்கள் வெறுப்பு, அச்சம், இழிவு ஆகியவற்றைச் சுற்றியே அமைந்தவை. எனவே சமூக வரலாற்றுக்கான சான்றைப் பாடல் வரிகளிலன்றி ஒலியமைப்பில் தேட வேண்டியுள்ளது.

2. இரு தலைமுறைகள்

பர்மிங்காமின் ஆஸ்டன் பகுதியில் 1968இல் உருவான பிளாக் சபாத் குழுவின் கிட்டார் கலைஞர் டோனி ஐயோமி, உலோகத் தகட்டு ஆலையொன்றில் வேலை பார்த்தவர். 17 வயதில், அவ்வேலையிலிருந்து விலகவிருந்த கடைசி நாளில், எந்திரத்தில் சிக்கி வலக்கையின் இரு விரல்நுனிகளை இழந்தார். இடக்கைப் பழக்கமுள்ள அவருக்குத் தந்திகளை அழுத்தும் கை அதுவே. பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுறைகள் செய்துகொண்டு, மெல்லிய தந்திகளைப் பூட்டி அவர் மீண்டும் வாசித்தார். 1971இல் வெளியான மூன்றாம் தொகுப்பில் சுருதியையும் தாழ்த்தினார். கன உலோக இசையின் தனித்த நாதத்துக்கு ஆலை விபத்தும் ஒரு காரணம் என்பதை இதனால் உணரலாம். இங்கு ஆலைக்கும் இசைக்கும் உள்ள தொடர்பு உவமையளவில் நிற்பதன்று, உடலில் நேர்ந்தது.

காட்ஃபிளெஷ் குழுவின் ஜஸ்டின் பிராட்ரிக் 1969 ஆகஸ்டில் பர்மிங்காமில் பிறந்தவர். பிளாக் சபாத்தின் முதல் தொகுப்பு 1970 பிப்ரவரியில் வெளிவந்தபோது அவர் கைக்குழந்தை. ரவுண்ட் ஓக் ஆலை மூடப்பட்டபோது வயது 13. ‘ஸ்ட்ரீட்கிளீனர்’ வெளிவந்தபோது வயது 20. ஐயோமியின் தலைமுறைக்குப் பள்ளி முடித்ததும் ஆலை வாயில் திறந்திருந்தது. அதிலிருந்து தப்புவதே இசையின் வழியாக இருந்தது. பிராட்ரிக்கின் தலைமுறை வளர்ந்தபோது அவ்வாயில்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டுக்கொண்டிருந்தன. ஒரே நகரம், ஒரே இசை மரபு எனினும் இவ்விரு தலைமுறைகளின் எந்திர அனுபவம் வேறுவேறு. பிரதிபலிப்புப் பார்வை இவ்வேறுபாட்டைக் கவனிக்கத் தவறுகிறது.

3. குழுவும் தொகுப்பும்

பிராட்ரிக்கின் இசைவாழ்வு மிகு வேகத்தில் தொடங்கியது. நேபாம் டெத் குழுவின் ‘ஸ்கம்’ தொகுப்பின் முதல் பக்கத்துக்கு 1986இல் பர்மிங்காமில் ஒலிப்பதிவு நடந்தபோது அவரே கிட்டார் வாசித்தார். 1987இல் எரேக் நிறுவனம் வெளியிட்ட அத்தொகுப்பில் ஒன்றரை நொடிக்கும் குறைவான பாடலொன்றும் உண்டு. அக்குழுவிலிருந்து விலகிய பின்னர் ஹெட் ஆஃப் டேவிட் குழுவில் டிரம் வாசித்தார். இவற்றுக்கிடையே ஜி.சி. கிரீன், பால் நெவில் ஆகியோருடன் ஃபால் ஆஃப் பிகாஸ் என்னும் குழுவிலும் டிரம் வாசித்துப் பாடினார்.

1988இல் பிராட்ரிக்கும் கிரீனும் இணைந்து காட்ஃபிளெஷ் குழுவைத் தொடங்கினர். பிராட்ரிக் கிட்டாருக்கும் குரலுக்கும் மாறினார். கிரீன் பேஸ் கிட்டாரில் தொடர்ந்தார். டிரம் வாசிப்பவரின் இடத்தில் தாள எந்திரம் அமர்ந்தது. குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்ட குறுந்தொகுப்பு அவ்வாண்டிலேயே வெளிவந்தது. அதையடுத்து 1989இல் ஒலிப்பதிவான ‘ஸ்ட்ரீட்கிளீனர்’ எரேக் நிறுவனத்தால் வெளியிடப்பட்டது. அதன் சில பாடல்களில் பால் நெவிலும் கிட்டார் வாசித்துள்ளார். இசைத்தட்டு வடிவில் 10 பாடல்கள் இடம்பெற்றன. தனிக் குறுந்தொகுப்பாகத் திட்டமிடப்பட்டிருந்த 4 பாடல்கள் குறுந்தகட்டு வடிவில் சேர்க்கப்பட்டன. கென் ரசல் இயக்கிய ‘ஆல்டர்ட் ஸ்டேட்ஸ்’ (1980) திரைப்படத்தின் மாயக்காட்சிப் பகுதியிலிருந்து எடுக்கப்பட்ட, தீயினிடையே சிலுவையில் தொங்கும் உருவங்களின் படம் உறையை நிறைத்தது.

மூன்றாண்டுகளுக்குள் மிகு துரித காலத்திலிருந்து ஆழ்ந்த விளம்ப காலத்துக்குப் பிராட்ரிக் நகர்ந்தது குறிப்பிடத்தக்கது. ‘ஸ்கம்’ தொகுப்பின் வேகம் மனித உடல் தன் எல்லையை எட்டும் வேகம். ‘ஸ்ட்ரீட்கிளீனர்’ தொகுப்பின் நடையில் உடலின் எல்லைக்கே இடமில்லை. அங்கு தாளம் களைப்பதுமில்லை, உற்சாகம் கொள்வதுமில்லை.

4. ஒரே பாடல், இரு தாளங்கள்

இத்தொகுப்பை ஆராய்வோர்க்கு அரியதொரு ஒப்பீட்டு வாய்ப்பு வாய்த்துள்ளது. ‘லைஃப் இஸ் ஈஸி’, ‘டிவாஸ்டேட்டர்’, ‘மைட்டி டிரஸ்ட் கிரஷர்’ ஆகிய பாடல்கள் ஃபால் ஆஃப் பிகாஸ் காலத்திலேயே இசைக்கப்பட்டவை. அக்குழுவின் பழைய ஒலிப்பதிவுகள் 1999இல் ‘லைஃப் இஸ் ஈஸி’ என்னும் தலைப்பில் தொகுத்து வெளியிடப்பட்டன. அவற்றில் டிரம் வாசிப்பவர் பிராட்ரிக். ஆகவே அதே பாடல்கள், ஏறக்குறைய அதே மனிதர்கள், தாளம் மட்டும் வேறு என்னும் நிலையில் இரு வடிவங்களையும் அருகருகே வைத்துக் கேட்க முடிகிறது.

முந்தைய வடிவில் தாளம் பிற இசைஞர்களோடு உரையாடுகிறது. பாடலின் ஒரு பகுதி முடிந்து மறுபகுதி தொடங்குவதை டிரம் உருட்டல்கள் முன்கூட்டியே அறிவிக்கின்றன. அடிகளின் வன்மை கையின் வலுவுக்கேற்ப ஏறி இறங்குகிறது. பிந்தைய வடிவில் இவை அகன்றுவிடுகின்றன. ஒவ்வோர் அடியும் முந்தைய அடியின் எடையிலேயே விழுகிறது. எந்திரம் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. கிட்டாரும் பேஸ் கிட்டாரும் குரலும் அதனோடு ஒத்துச்செல்ல வேண்டியவை ஆகின்றன. கிட்டாரில் நீளும் ஒலிச்சிதைவும் கீச்சொலியும் தாளக் கட்டத்துக்குள் அடங்காமல் கசிகின்றன. மனிதர் தரப்பின் ஒழுங்கின்மைக்கு எஞ்சிய ஒரே இடமாக அவ்விரைச்சல் அமைகிறது.

இங்கு ஒரு தொழில்நுட்பச் செய்தியையும் கருத வேண்டும். காட்ஃபிளெஷ் குழுவோடு இணைத்துப் பேசப்படும் அலெசிஸ் எச்.ஆர்.-16 போன்ற 1980களின் பிற்பகுதித் தாள எந்திரங்கள், உண்மையான டிரம் ஒலிகளைப் பதிவுசெய்து மீட்டுத் தருபவை. விரல் அழுத்தத்துக்கேற்ப ஒலியின் வன்மையை மாற்றும் வசதியும் அவற்றில் இருந்தது. மனித வாசிப்பைப் போலித்துக் காட்டுவதே அவற்றின் விற்பனைச் சிறப்பு. எனவே ‘ஸ்ட்ரீட்கிளீனர்’ தொகுப்பின் மாறாத எடையை எந்திரத்தின் போதாமை எனக் கொள்ளவியலாது. மனிதனைப்போல் ஒலிக்கத்தக்க கருவியை எந்திரமாகவே ஒலிக்கச் செய்தது இசைஞர்களின் தேர்வு. காட்ஃபிளெஷ் வெளியீடுகளின் விவரக்குறிப்பில் எந்திரம் ஓர் உறுப்பினரைப்போல் பட்டியலிடப்பட்டதும் இத்தேர்வை உறுதிப்படுத்துகிறது.

உழைப்பு வரலாற்றறிஞர் ஈ.பி. தாம்சன் 1967இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, தொழில்முதலாளியத்தின் வருகையோடு பணியின் போக்கில் அமைந்த நேரம் கடிகாரத்தால் அளக்கப்படும் நேரமாக மாறியதை விளக்குகிறது. உழைப்பவர் தம் வேகத்தைத் தாமே வகுத்துக்கொண்ட நிலை மாறி, வெளியிலிருந்து விதிக்கப்பட்ட வேகத்துக்கு உடலை ஒப்புக்கொடுக்கும் நிலை உருவாயிற்று. மேற்கண்ட இரு வடிவங்களுக்கு இடையிலான மாற்றத்தைத் தாம்சன் விவரித்த மாற்றத்தின் சிறுவடிவம் எனலாம். ஆனால் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. தொழிற்சாலையில் வேகத்தை விதித்தவர் நிர்வாகி. அதற்கு உட்பட்டவர் தொழிலாளி. காட்ஃபிளெஷ் குழுவில் எந்திரத்துக்குத் தாளக்கட்டுகளை அமைத்தவர், முன்பு அதே பாடல்களுக்குக் கையால் டிரம் வாசித்தவர். அவரே தம் இடத்தை எந்திரத்துக்கு விட்டுக்கொடுத்தார். அவரே அதன் வேகத்தையும் தீர்மானித்தார். பின்னர் கிட்டார் கலைஞராக அவ்வேகத்துக்கு உட்பட்டும் வாசித்தார்.

எந்திரத்தால் ஒருவரின் வேலை பறிபோதல் என்னும் நிகழ்வு இங்கு முழுமையாக நடந்தேறுகிறது. ஆயினும் திறன் அழியவில்லை. டிரம் வாசித்த கையின் அறிவு தாளக்கட்டுகளை அமைக்கும் அறிவாக மாறியது. ஆலைநகரின் முந்தைய தலைமுறைகளுக்கு வாய்க்காத இந்த அதிகாரம் அவ்வாலைகள் நின்றபின் இருபது வயது இளைஞர் ஒருவருக்குச் சிறு கருவியொன்றின் வழியாக வாய்த்தது. இத்தொகுப்பின் வரலாற்றுப் பெறுமதி இம்முரணில் அடங்கியுள்ளது.

5. மாற்றுக் கருத்துகளும் மறுமொழியும்

இவ்வாசிப்புக்கு எதிராக இரு கருத்துகள் எழலாம். முதலாவது, தாள எந்திரம் பர்மிங்காமுக்கே உரியதன்று என்பது. சிகாகோவின் பிக் பிளாக் குழு 1980களின் முற்பகுதியிலேயே தாள எந்திரத்தைக் கையாண்டு, அதன் தயாரிப்பு நிறுவனப் பெயரான ‘ரோலண்ட்’ என்பதையே டிரம் கலைஞரின் பெயராகத் தன் வெளியீடுகளில் குறிப்பிட்டது. நியூயார்க்கின் ஸ்வான்ஸ் குழு மெதுவான, நசுக்கும் தாளத்தை முன்பே உருவாக்கியிருந்தது. இலண்டனின் திராபிங் கிரிசில் குழு 1976இல் தொடங்கிய நிறுவனத்தின் பெயரிலிருந்தே ‘இண்டஸ்ட்ரியல்’ என்னும் சொல் இசை வகைப் பெயராகப் பரவியது. ஆகவே இவ்வடிவம் இறக்குமதியானது என வாதிடலாம்.

இரண்டாவது கருத்து இதனினும் வலுவானது. ‘கிரைஸ்ட்பெய்ட் ரைசிங்’ பாடலின் தாளம், எரிக் பி. – ராக்கிம் இணையரின் ‘மைக்ரோஃபோன் ஃபீண்ட்’ (1988) என்னும் ஹிப்ஹாப் பாடலின் தாளத்தைப் பின்பற்ற முயன்றதன் விளைவு என்பதைப் பிராட்ரிக்கே கூறியுள்ளார். அவ்வாறாயின் அத்தாளத்தின் மூலம் உலோக ஆலையன்று, நியூயார்க்கின் தெரு.

இவ்விரு கருத்துகளும் பிரதிபலிப்புப் பார்வையை மறுப்பவை. இக்கட்டுரையின் வாதத்தையோ வலுப்படுத்துபவை. ஆலை ஓசையின் நேரடி எதிரொலியாக இத்தொகுப்பைக் கொண்டால் ஹிப்ஹாப்பின் பங்கை விளக்க இயலாது. எந்திரத்தைத் தன்வயப்படுத்தும் முயற்சியாகக் கொண்டால் அப்பங்கு இயல்பாகவே பொருந்துகிறது. தாள எந்திரத்தையும் ஒலிமாதிரிக் கருவியையும் மனிதப் போலியாகக் கருதாமல் புதிய இசைக்கருவிகளாகவே ஆளமுடியும் எனக் காட்டியோருள் ஹிப்ஹாப் கலைஞர்கள் முன்னணியினர். பர்மிங்காமின் இளைஞர்கள் ஐயோமியிடமிருந்து தாழ்ந்த சுருதியின் கனத்தையும், கறுப்பின அமெரிக்க இளைஞர்களிடமிருந்து எந்திரத்தை ஆளும் முறையையும் பெற்றனர் எனக் கூறுவது பொருத்தமாகும்.

சமகால ஒப்பீடும் இதற்குத் துணை நிற்கிறது. சிகாகோவின் மினிஸ்ட்ரி குழுவின் ‘தி மைண்ட் இஸ் எ டெரிபிள் திங் டு டேஸ்ட்’ தொகுப்பும் அதே 1989 நவம்பரில் வெளிவந்தது. அங்கு எந்திரத் தாளமும் உலோகக் கிட்டாரும் வேகத்தையும் வெறியையும் தூண்டுகின்றன. நைன் இஞ்ச் நெயில்ஸ் அவ்வாண்டின் அக்டோபரில் வெளியிட்ட முதல் தொகுப்பில் எந்திரத் தாளம் நடன அரங்கின் நெளிவுகளோடு கலக்கிறது. கருவிகள் ஒரே வகையினவாயினும் பயன் வேறு. பர்மிங்காமின் எந்திரம் ஆடவும் விடுவதில்லை, ஓடவும் விடுவதில்லை. அதன் நடை வேலைநேரத்தின் நடை. செய்பொருள் ஏதுமற்ற வேலைநேரம் அது.

6. மரபுடைமையும் மறதியும்

1991இல் பர்மிங்காமின் மையத்தில் அனைத்துலக மாநாட்டு மையமும் அதனுள் சிம்ஃபனி ஹால் என்னும் இசையரங்கமும் திறக்கப்பட்டன. உற்பத்தி நகரம் சேவை நகரமாகத் தன்னை மறுவரைவு செய்துகொண்ட காலத்தின் சின்னங்கள் அவை. லாங்பிரிட்ஜ் தொழிற்சாலையில் 2005இல் எம்.ஜி. ரோவர் நிறுவனம் வீழ்ந்தது. அதன்பின் நகரின் கன உலோக இசை மரபுடைமையாகப் போற்றப்படலாயிற்று. ‘ஹோம் ஆஃப் மெட்டல்’ என்னும் முயற்சியின் பகுதியாக 2011இல் பர்மிங்காம் அருங்காட்சியகத்தில் பெருங்கண்காட்சி நடைபெற்றது. 2019இல் பிராட் ஸ்ட்ரீட் பாலத்துக்குப் பிளாக் சபாத்தின் பெயர் சூட்டப்பட்டது.

இப்போற்றுதல் வரவேற்கத்தக்கதே. உழைக்கும் மக்களின் இசை அருங்காட்சியகத்தில் இடம்பெறுவது சிறிய செய்தியன்று. எனினும் ‘ஆலை இசையைப் பெற்றெடுத்தது’ என்னும் வாசகம் திரும்பத் திரும்பச் சொல்லப்படும்போது ஆலை மூடப்பட்ட வரலாறு அதன் நிழலில் மறைகிறது. இழப்பு பெருமிதமாக உருமாறுகிறது. வேலையிழந்தோரின் அனுபவம் இசையின் முன்வரலாறாகச் சுருங்குகிறது. ‘ஸ்ட்ரீட்கிளீனர்’ அந்த வாசகத்துக்குள் அடங்க மறுக்கும் சான்றாக நிற்கிறது. ஆலை இருந்த காலத்தின் பெருமையை அதில் கேட்க முடிவதில்லை. ஆலை அகன்ற பின்னும் உடலில் எஞ்சிய அதன் நேரவொழுங்கையே கேட்கிறோம்.

குழுவின் பிற்கால வரலாறும் இதனையொட்டியதே. 1996இல் வெளியான ‘சாங்ஸ் ஆஃப் லவ் அண்ட் ஹேட்’ தொகுப்பில் பிரையன் மான்ஷியாவும், 2001இல் வெளியான ‘ஹிம்ஸ்’ தொகுப்பில் டெட் பார்சன்சும் டிரம் வாசித்தனர். 2002இல் குழு கலைந்தது. 2010இல் பிராட்ரிக்கும் கிரீனும் மீண்டும் மேடையேறியபோது உடன் வந்தது எந்திரமே. 2011இல் நெதர்லாந்தின் ரோட்பர்ன் இசைவிழாவில் ‘ஸ்ட்ரீட்கிளீனர்’ முழுமையாக இசைக்கப்பட்டது. 2014இல் வெளியான ‘எ வேர்ல்ட் லிட் ஒன்லி பை ஃபயர்’ தொகுப்பிலும் எந்திரத் தாளமே தொடர்ந்தது. தொடக்கத்தில் செய்த தேர்வு வசதிக்கானது மட்டுமன்று என்பதை இத்திரும்பல் உணர்த்துகிறது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன. ‘ஸ்ட்ரீட்கிளீனர்’ தொகுப்பைத் தொழிலக ஓசையின் எதிரொலியாகக் கொள்வது காலவரிசைக்கு முரணானது. தொழில்நீக்கக் காலத்தின் ஆவணமாகக் கொள்வதே பொருந்தும். இந்தச் சான்றை வழங்குவது தொகுப்பின் பாடல் வரிகளைவிடத் தாளமே என்பதை ஃபால் ஆஃப் பிகாஸ் பதிவுகளோடு செய்யும் ஒப்பீடு காட்டுகிறது. பிக் பிளாக், ஹிப்ஹாப் முதலிய வெளித்தாக்கங்கள் இவ்வாசிப்பை மறுப்பதில்லை. எந்திரத்தை ஆளும் முறை எங்கிருந்து கற்கப்பட்டது என்பதை அவை தெளிவாக்குகின்றன.

எந்திரத்தின் வேகத்தைத் தீர்மானிப்பவர் யார் என்னும் வினா போல்ட்டன், வாட் காலம்தொட்டு பர்மிங்காமின் பட்டறைகளில் எழுந்துவந்த ஒன்று. அந்நகரின் உழைக்கும் மக்கள் அதற்குச் சங்கங்களாலும் வேலைநிறுத்தங்களாலும் விடை தேடினர். ஆலைகள் பல மூடப்பட்டபின் அவ்வினா ஓர் ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் நுழைந்தது. அங்கு எந்திரத்தை இயக்கியவரும் அதற்கு ஈடுகொடுத்து வாசித்தவரும் ஒருவரே. தொழிலாளர் வரலாற்றை எழுதுவோர் ஆலைப் பதிவேடுகளோடு இத்தகைய இசைத்தட்டுகளையும் சான்றாகக் கொள்வது பயனுடையதாகும்.